வெறும் சாக்கு எத்தனை கிராம்?

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அன்புள்ள அக்காவுக்கு, உயர்தரம் முடித்துவிட்டு, பிறந்த தோட்டத்திலேயே கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. கொழுந்து நிறுப்பது என் வேலை. நாளுக்கு மூன்று தராசு, அதாவது மூன்று தடவை நிறுவை. ஒவ்வொரு தராசுக்கும் ஆளுக்கு இரண்டு கிலோ கழிக்கும்படி மேலே உள்ள ஐயா முதல் நாளே வாயால் சொன்னார். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்றார். மழை பெய்தாலும் இரண்டு, வெயில் எரித்தாலும் இரண்டு. போன மாதம் ஒரு நல்ல வெயில் நாளில் என் பெரியம்மாவுக்கு மூன்று தராசும் சேர்த்து 23 கிலோ வந்தது. ஆறைக் கழித்து 17 என்று எழுதினேன். எங்கள் தோட்டத்தில் 18 இருந்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். அரைப்பேர் போட்டேன். அன்று அந்தியில் அவர் வழக்கம்போல ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவந்து தந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இறங்கவில்லை.

கோயில் கமிட்டிச் செயலாளரும் நான்தான். ஆத்தா முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. கும்பிட்டால் உள்ளே ஒன்றும் எழும்புவதில்லை. இந்த சீசனில் சிவனொளிபாத மலைக்கும் செருப்பில்லாமல் ஏறிவிட்டு வந்தேன். இரவில் ஃபோனில் ஆன்மிகச் சொற்பொழிவு கேட்கிறேன். வெளியே நடப்பதெல்லாம் மாயை, உள்ளே அமைதியாக இரு என்கிறார்கள். குழந்தை பிறந்தால் பறவைக் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். மகளுக்கு இப்போது ஐந்து மாதம். வருகிற திருவிழாவில் எடுக்கப் போகிறேன். அதோடு இந்தப் பாவமும் கழிந்துவிடுமா? இல்லை, வேலையை விட்டுவிடவா? எனக்குச் சாமி நம்பிக்கையே போய்விட்டதா?"

தம்பி,

அறிவுரை சொல்லாதே, காது கொடு என்றுதான் உளவளத்துணைக்குப் பயிற்சி தரும்போது எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். ஹட்டனில் என்னைத் தேடி வருகிறவர்களிடம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படி இருக்க முடியவில்லை. நான் தராசடியில் வளர்ந்தவள்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் தேத்தண்ணிப் போத்தலோடு அந்தித் தராசுக்குப் போய்விடுவேன். மூன்று கம்பைக் கூட்டிக் கட்டி நடுவில் கடிகாரம் மாதிரி வட்டத் தராசு ஒன்று தொங்கும். பெண்கள் வரிசையில் நின்று சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது, எண் வாசிக்கத் தெரிந்த பெருமை வேறு. ஒருநாள் முள் பதினாலில் நிற்பதைப் பார்த்தேன். அவர் பன்னிரண்டு என்றார். "பதினாலு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

அன்று இரவு காம்பராவில் மாரியம்மன் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு அம்மா சொன்னார்: "அவரு எழுதுற கணக்கு வேற, ஆத்தா எழுதுற கணக்கு வேற."

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அம்மா இருபத்தெட்டு வருசம் மலை ஏறினார். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே கணக்கப்பிள்ளை வெள்ளிக்கிழமை பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுவார். கோயில் மணியும் அவர் உபயம்தான், பெயர் வெட்டியிருக்கும். அவரும் மனதுக்குள் அம்மா சொன்ன அதே வரியைத்தான் சொல்லியிருப்பார் என்று பிற்பாடு தோன்றியது. ஆத்தா கணக்கு வேறு, அதை அங்கே மணியாலும் பாலாலும் தீர்த்துக்கொள்ளலாம், இது வெறும் உத்தியோகம். அம்மாவின் வாயில் அந்த வரி பிடிமானம். அவர் வாயில் அதுவே ஒளிந்துகொள்ள ஒரு இடம். நீங்கள் இப்போது அந்த இரண்டாவது இடத்தின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள்.

நம்பிக்கை போய்விட்டதா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான். போயிருந்தால் கூச்சம் வந்திருக்காது. அந்தக் கணக்கப்பிள்ளைக்குக் கடைசிவரை வந்ததாகத் தெரியவில்லை.

நம் ஆட்கள் சாமியையும் வேலையையும் எப்படி வைத்திருந்தார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் கோபுரம் கட்டும் வசதியோடு வரவில்லை. மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், அதுதான் கோயில். அப்புறம் வேலைக்கு வேலை சாமி முளைத்தது. கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமிக்குக் கும்பிடு. தொழிற்சாலையில் ரோதை சுற்றுகிற இடத்தில் ரோதைமுனி. காலையில் முதல் கொழுந்தைக் கிள்ளும்போது "பொலி, பொலி" என்று சொல்லிக் கூடையில் போடுவார்கள், உங்கள் பெரியம்மாவும் சொல்லியிருப்பார். நிறையட்டும் என்று அர்த்தம். நம் ஊரில் கும்பிடுவது மலையிலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் பொலி சொன்ன கூடையில் பகலில் இரண்டு கிலோவை வெட்டிவிட்டு, அந்தியில் கோயிலில் போய் நின்றால் கூசத்தான் செய்யும். இரண்டும் வேறு இடம் என்று உங்களுக்குப் பழகவில்லை. நல்லது.

சொற்பொழிவு விஷயத்துக்கு வருகிறேன். நானும் ஆட்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவள்தான். பதறி வருகிறவருக்கு அது உதவும், உடம்பு அடங்கும். ஆனால் உங்களுக்கு இப்போது அதைச் சொல்லித் தந்தால் என்ன ஆகும்? தராசடியில் நின்று நாலு தடவை மூச்சை இழுத்து விட்டுவிட்டு, பதறாமல் இரண்டு கிலோ வெட்டுவீர்கள். அவ்வளவுதான் நடக்கும். வெளியே நடப்பது மாயை என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொல்கிறவருக்கு கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் பழக்கமில்லை. மாயை அவ்வளவு கனக்காது. (எல்லாச் சொற்பொழிவையும் நான் பழிக்கவில்லை. உங்களுக்குத் தூக்கம் வரவைக்கும் அந்த ஒன்றைத்தான் சொல்கிறேன்.)

மலை ஏறினதைப் பற்றிச் சிவப்புக் கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். உச்சியில் இருப்பது எவருடைய பாதம் என்று நான்கு மதத்தாரும் நான்கு விதமாகச் சொன்னாலும், நல்லதண்ணிப் படியில் முழங்கால் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் வலிக்கிறது. அந்த வலியை நீங்கள் யாரிடம் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கப் பார்த்தீர்கள்? பெரியம்மாவுக்கு உங்கள் முழங்காலால் என்ன பிரயோசனம்?

காவடிக்கும் இதுதான். நேர்த்தி மகளுக்காக வைத்தது. அதை எடுங்கள், சந்தோசமாக எடுங்கள். ஆனால் பெரியம்மாவின் கடனை அதன் முதுகில் ஏற்றாதீர்கள். அந்தக் கடன் கிலோவில் இருக்கிறது, அவருக்குத்தான் சேர வேண்டும். முதுகில் முள் குத்தி டிரக்டரில் தொங்கிக்கொண்டு நீங்கள் வீதி வலம் வரும்போது அவரும் கீழே நின்று கும்பிடுவார். அரைப்பேர் அரைப்பேராகவேதான் இருக்கும். ஆத்தா தன்னிடம் பட்ட கடனை மன்னிக்கட்டும். பெரியம்மாவிடம் பட்டதை ஆத்தா எப்படி மன்னிப்பார்? பெரியம்மா அப்படிக் கேட்டாரா?

சரி, இரண்டு கிலோவையே எடுத்துப் பார்ப்போம். இதில் நியாயம் கொஞ்சமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சாக்குக்கு எடை உண்டு. மழை நாளில் இலையோடு தண்ணீரும் தராசில் ஏறுகிறது, தண்ணீர் தூளாகாது. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக்கொழுந்து வேண்டும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. ஈரத்தைக் கழிக்காவிட்டால் அந்தக் கணக்கு இடிக்கும், மேலே உள்ளவர் பதில் சொல்ல வேண்டும். அவருக்கும் ஒரு துரை, அந்தத் துரைக்குக் கொழும்பில் ஒரு கம்பனி. இதெல்லாம் தெரியும். ஆனால் வெயில் எரிக்கிற நாளில் அதே இரண்டு கிலோ எந்தத் தண்ணீருக்கு? காலையில் ஏழு கிலோ கொண்டுவந்தவருக்கும் பதினைந்து கிலோ கொண்டுவந்தவருக்கும் ஒரே இரண்டு என்றால் அது ஈரக் கணக்கே இல்லை.

நாற்பது பேர் உள்ள ஒரு கூட்டம் என்று வையுங்கள். மூன்று தராசு, ஆளுக்கு ஆறு கிலோ, மொத்தம் 240 கிலோ. அதில் பாதி நியாயமான கழிவு என்று விட்டுவிட்டாலும் மிச்சம் 120. கிட்டத்தட்ட 27 கிலோ தூள், யார் பேரிலும் இல்லாமல் ஒவ்வொரு நாளும் பெட்டிக்குள் போகிறது. நாள் சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபா ஆனது, 2024இல் அடிப்படை 1,350 ஆனது. வர்த்தமானியில் கூடினது தராசடியில் குறைந்துவிடும் என்று பெண்கள் சொல்வது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தராசு நேரே நிற்பதைப் பற்றிய குறளைப் பள்ளிக்கூடத்தில் நீங்களும் மனப்பாடம் செய்தவர்தான், அதை எடுத்து உங்கள் தலையில் போட மாட்டேன். பரிசு வாங்கிய குறள் எவருக்கும் இந்த இடத்தில் உதவி நான் பார்த்ததில்லை.

நீங்கள் அனுபவிப்பதற்கு எங்கள் துறையில் ஒரு பெயர் இருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினருக்கு வைத்தியம் பார்த்த ஜொனதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990களில் இதைப் பற்றி எழுதினார். தமிழில் அறக்காயம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய பொறுப்பில் உள்ளவர்களே சரியானதற்கு மாறாக நடக்கும்போது கீழே இருப்பவருக்கு உள்ளே ஒன்று உடைகிறது என்றார். தன் கையாலேயே அதைச் செய்ய நேர்ந்தவருக்கும் அந்தக் காயம் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அது பயத்தினால் வருகிற நோயில்லை, பயத்துக்குத் தருகிற மருந்து மட்டும் இதற்குப் போதாது. போரோடு தராசை ஒப்பிடுவது கூடுதல் என்று நீங்கள் நினைக்கலாம். உத்தரவு வாயால் வந்தது, கை உங்களுடையது, எதிரே நிற்பது சொந்தப் பெரியம்மா. எனக்கு ஒப்பீடு பெரிதாகத் தோன்றவில்லை.

இன்னொன்று. கடிதத்தின் முதல் பக்கத்தில் "நான் செய்தது தப்பு" என்று எழுதுகிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் "நானே ஒரு கேடு கெட்டவன்" என்கிறீர்கள். முதல் பக்கத்திலேயே நில்லுங்கள். செய்தது தப்பு என்றால் நாளைக்கு வேறு மாதிரிச் செய்யலாம். ஆளே கேடு என்றால் காவடி எடுப்பதைத் தவிர வேறு வழியே தெரியாது. தூக்கமின்மையும் சாப்பாடு இறங்காததும் இரண்டு கிழமைக்கு மேல் இழுத்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள். கணக்கப்பிள்ளை போய்ப் பேசினால் தோட்டம் சிரிக்கும் என்று பயந்தால் ஃபோனிலேயே பேசலாம்.

வேலையை விடுவதா? கைக்குழந்தையும் ஆடி வரைக்கும் கட்ட வேண்டிய நகைக்கடனும் உள்ளவரிடம் வீரம் காட்டு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. விட்டாலும் நாளைக் காலை அந்தத் தராசடியில் இன்னொருவர் நிற்பார். இதைச் சொல்லித்தான் எல்லோரும் எல்லாவற்றையும் செய்கிறார்கள் என்பதும் தெரியும். அதையே திருப்பிப் பார்க்கிறேன். இன்னொருவர் வந்தால் பெரியம்மாவுக்காகக் கூச்சப்பட அங்கே ஆள் இருக்காது. ஆகவே இப்போதைக்கு விடாதீர்கள். ஆனால் இருக்கிறதென்றால் இப்படியே இருக்க முடியாது.

மலைக்கு மழைமானி வேண்டாம், ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு தராசுக்கும் தேதி, மழையா வெயிலா, தராசில் வந்தது, நீங்கள் எழுதியது, இந்த நான்கையும் குறித்து வையுங்கள். தராசின் முகத்தைப் பெண்கள் பக்கம் திருப்பி வையுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, எண்ணைச் சத்தமாகச் சொல்வதற்கும் தேவையில்லை. அதன்பின் மேலே உள்ள ஐயாவிடம் பணிவாகவே கேளுங்கள்: "ஐயா, கழிவு எவ்வளவு என்று எழுத்தில் தந்தால் கொப்பியில் ஒட்டிவைப்பேன், பெண்கள் கேட்டால் காட்டலாம்." வாயால் இரண்டு கிலோ சொல்கிறவர் கையெழுத்தில் சொல்ல யோசிப்பார். வெயில் நாளில் சாக்கின் எடையை மட்டும் கழிக்கலாமா என்று அதே மூச்சில் கேளுங்கள். ஒரேயடியாக இல்லை என்றால், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடமோ மாவட்டத் தொழில் அலுவலகத்திலோ பேசுவதற்கு உங்கள் கையில் கொப்பி இருக்கும். தராசிலேயே சந்தேகம் என்றால் அதில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி நிறுவைக் கருவிகளைப் பரிசோதித்து முத்திரை குத்துவது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் வேலை.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. உங்களை வேறு டிவிசனுக்குத் தூக்கிப் போடலாம், முகம் கொடுக்காமல் இருக்கலாம். மனைவியிடம் முதலில் பேசிவிட்டுச் செய்யுங்கள். கடிதம் முழுக்க அவர் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

பெரியம்மாவிடம் போக வேண்டும். இதைத்தான் நீங்கள் தள்ளிப்போடுவீர்கள் என்று நினைக்கிறேன். காவடியைவிட இது வலிக்கும். திருவிழாவுக்கு முன்னால், விளக்கு வைக்கிற நேரம் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) அவர் தனியாக இருக்கும்போது போங்கள். "மன்னிச்சிருங்க" என்று தொடங்காதீர்கள். தொடங்கினால் அவர் உடனே "அதெல்லாம் விடுடா, ஒனக்கும் குடும்பம் இருக்கு" என்று உங்களைக் காப்பாற்றப் பார்ப்பார். நம் வீட்டுப் பெண்களுக்கு அது கைவந்த கலை. அன்றைக்கு 23 வந்தது, நான் 17 எழுதினேன், முழுப்பேர் உங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்று எண்ணைச் சொல்லுங்கள். அரைநாள் காசை உங்கள் சம்பளத்திலிருந்து கையில் கொடுங்கள். வாங்க மாட்டார். வைத்துவிட்டு வாருங்கள். பதினான்கு மாதத்தில் நாற்பது பேரின் கிலோவை உங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது, அது உங்கள் வீட்டுக்கும் வரவில்லை. ஆனால் ஒருவரின் ஒரு நாளை எண்ணோடு ஒப்புக்கொண்டவருக்கு அடுத்த நாள் தராசடியில் நாக்கு வேறு மாதிரிப் புரளும். அதை நான் என் அறையில் பார்த்திருக்கிறேன்.

அவர் கோபப்பட்டால் நல்லது. கேட்டுக்கொண்டு நில்லுங்கள். ரொட்டி தந்தால் சாப்பிடுங்கள்.

காவடி எடுக்கும் முன் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பத்தியம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், பூசாரியிடம் கேட்டாலும் ஊசியால் பத்தியம் முறியாது என்றுதான் சொல்வார்.

நாளைக் காலை முதல் தராசுக்கு முன்னால் செய்ய ஒரு சின்ன வேலை மட்டும் தருகிறேன். காலிச் சாக்கு ஒன்றைத் தராசில் மாட்டுங்கள். காய்ந்த சாக்கு ஒன்று, நனைந்த சாக்கு ஒன்று. பெண்கள் பார்க்க மாட்டுங்கள். இரண்டும் எத்தனை கிராம் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா